விடுதி கட்டுவோர் முதலில் குளியலறையைப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுக் கல்லூரிகளில் புதிய மாணவர் விடுதிக்கு அடிக்கல் நாட்டும் செய்திகளில் முகப்புப் படமும் அறைக் கணக்கும்தான் வருகின்றன. காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் எத்தனை பேர் குளித்து முடிக்க முடியும் என்று யாரும் சொல்வதில்லை. விடுதிக் கட்டடம் சீக்கிரம் பாழாவது பெரும்பாலும் கழிப்பறைப் பக்கத்திலிருந்துதான்.

எட்டு மாணவருக்கு ஒரு கழிப்பறையும் ஒரு குளியலறையும் வேண்டும். மாணவியர் விடுதியில் ஆறு பேருக்கு ஒன்று. ஆளுக்கு 135 லிட்டர் வீதம் 200 பேருக்கு நாளொன்றுக்கு 27,000 லிட்டர் தண்ணீர். மேல்தொட்டியை இரண்டு அறைகளாகத் தடுத்துக் கட்டினால், தொட்டி கழுவும் நாளிலும் குழாயில் தண்ணீர் வருவது தடைபடாது.

ஒழுகல்தான் பெரிய தொல்லை. மாடிக் கழிப்பறையில் தளத்தை ஓர் அடி தாழ்த்திப் போட்டு, குழாய்களைப் பதித்து, செங்கல் ஜல்லி நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுகிறார்கள். குழாய் இணைப்போ டைல்ஸ் இடுக்கோ கசிந்தால் ஜல்லி முழுக்க ஈரம் ஊறி நிற்கும். கீழே கான்கிரீட் கம்பி துருவேறி, உப்பி, கூரைப் பூச்சு பெயர்ந்து விழும். அதனால் நீர்த்தடுப்புப் பூச்சைச் சுவரிலும் ஓர் அடி ஏற்றி அடித்து, ஜல்லி கொட்டுமுன் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும். கல்லூரி திறக்கும் தேதி நெருங்கினால் முதலில் விட்டுவிடுவது இந்தச் சோதனையைத்தான். பள்ளத்தின் அடியிலிருந்து ஓர் அங்குலக் குழாயை டக்ட்டுக்குள், அதாவது குழாய்கள் மேலிருந்து கீழே இறங்கும் சந்துக்குள், நீட்டிவிடுவதும் நல்லது. கசிவு அங்கே சொட்டும். எந்த மாடியில் பழுது என்பதும் உடனே தெரிந்துவிடும்.

அந்த டக்ட்டில் ஆள் நின்று வேலை செய்ய மூன்றடி அகலமாவது வேண்டும். மாடிதோறும் ஒரு கதவும் வேண்டும். ஒன்றரை அடி இடுக்கில் பிளம்பர் தொங்கிக்கொண்டா பைப் மாற்றுவார்?

துணி காயப்போட இடம் பல வரைபடங்களில் இருப்பதே இல்லை. பிறகு ஈரத்துணி ஜன்னல் கம்பிக்குப் போகிறது, கம்பி துருப்பிடிக்கிறது, மாணவர்கள்மீது பழி விழுகிறது. மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரும் துணிக்கொடி கட்டக் கம்பங்களும் எஸ்டிமேட்டிலேயே சேர வேண்டும். கட்டிலுக்கு ஒரு பிளக் பாயிண்ட் வைத்தால் எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் குறையும். அதோடு தளத்துக்குத் தளம் மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் கட்டாயம்.

கட்டடத்தை ஒப்புக்கொள்ளுமுன் முதல்வரும் விடுதிக் காப்பாளரும் தண்ணீர் தேக்கிய சோதனையின் பதிவேட்டைக் கேட்டு வாங்கட்டும். அன்றே எல்லாத் தளக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, தொட்டிக்கு நேர் கீழே உள்ள கடைசி மாடியில் ஷவர் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கட்டும். குறை தெரிந்தால் ஒப்பந்தக்காரருக்கான கடைசித் தவணையை நிறுத்தி வைக்கலாம்.

- கட்டடப் பொறியாளர், திருச்சி