டை பக்கெற்றில தமிழில எழுதவேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிறன், உங்கட பேப்பர் அப்பா காலத்தில இருந்து எங்கட வீட்டுக்கு வாறது. போன மாசம் தங்கச்சியின்ர கலியாணத்துக்கு நரை தெரியக்கூடாதெண்டு கடையில டை பக்கெற் ஒண்டு வாங்கிப் பூசினனான், வெளியில பச்சை மருதோண்டி இலை படம், இயற்கை எண்டு பெரிசாப் போட்டிருந்தது, அதை நம்பித்தான் பூசினது. அண்டைக்கு ஒண்டுமில்லை. அடுத்தநாள் விடியக் காதுக்குப் பின்னால ஒரே கடி, பின்னேரம் நெத்தி தடிச்சு இரண்டு கண்ணும் மூடிப்போச்சு, தங்கச்சிக்குத் தாலி கட்டேக்க நான் ஆஸ்பத்திரி வாட்டில கிடக்கிறன், தலையணை உறை முழுக்கக் காதடியில இருந்து வடிஞ்ச மஞ்சள் தண்ணி.

டாக்குத்தர் அந்தப் பக்கெற்றைக் கொண்டுவரச் சொல்லி ஒரு இடத்தில விரலை வச்சுக் காட்டினவர். கடுகளவு இங்கிலீசு எழுத்தில பரா பினைலீன் டையமீன், சுருக்கிச் சொன்னா பி.பி.டி.

வீட்ட வந்து ஏ.எல். கெமிஸ்ட்ரி படிக்கிற மகனோட இருந்து தேடிப் பாத்தன். பென்சீன் வளையத்தில எதிரும் புதிருமா இரண்டு அமீன் கூட்டம், அதாவது நைதரசனும் ஐதரசனும் சேர்ந்த கூட்டம், இருக்கிற பொருளாம், சுத்தமா இருந்தா வெள்ளைப் பளிங்கு, காத்துப் பட்டுப் பட்டு மண்ணிறமாகிக் கறுக்கும். தன்ரபாட்டில அது சின்ன மூலக்கூறு, சுகமா மயிருக்குள்ள இறங்கிடும், நிறம் பிடிக்கக் கலக்கிற ஐதரசன் பரவொட்சைட்டு சேர்ந்தோடன உள்ளுக்கயே ஒண்டோடொண்டு பிணைஞ்சு பெரிய கறுப்பு மூலக்கூறாகி வெளியில வரேலாமல் மாட்டுப்படும், அதாலதான் கழுவினாலும் போறேல்லை. ஆனா அரைகுறையா மாறி நிக்கிறது தோலில இருக்கிற புரதத்தில போய் ஒட்டுது, உடம்பு அதை எதிரியெண்டு குறிச்சு வச்சிடும், பிறகு அநேகமா வாழ்நாள் முழுக்க மறக்காது. நாலு தரம் பூசினனான் ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்லுறவை ஐஞ்சாந்தரம் வீங்குறது இதாலதான்.

என்னை உலுக்கினது இன்னொரு விசயம். நான் ஆறு வருசம் முகமாலையில மிதிவெடி எடுக்கிற வேலை செய்தனான். வெயிலுக்க முழங்காலில இருந்து மண்ணைச் சுரண்டேக்க நெஞ்சில பாரமாத் தொங்கின அங்கிக்குள்ள இருந்தது அரமிட் எண்ட பலமான செயற்கை நூல் துணி. 1965இல ஸ்டெபனி குவாலெக் எண்ட பெண் விஞ்ஞானி செய்த ஆராய்ச்சியில இருந்து வந்த கெவ்லார் அந்தச் சாதிதான், நிறைக்கு நிறை பாத்தா உருக்கை விட ஐஞ்சு மடங்கு பலம், அதைச் செய்யிற இரண்டு பொருளில ஒண்டு இதே பி.பி.டி. நூலுக்குள்ள அது மற்றதோட இறுகப் பிணைஞ்சு வேற பொருளாப் போச்சு, தோலை ஒண்டும் செய்யாது. பக்கெற்றில இருக்கிறது பிணையாமல் சும்மா இருக்கு. உழவு மெசின் ரயர் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்க்கிறதும் இதில இருந்து வாற ஒண்டுதானாம். அப்ப பொருளைக் குறை சொல்லி வேலையில்லை ஐயா, என்ன இருக்கெண்டு சொல்லாமல் இலைப் படத்தைப் போட்டு விக்கிறதைத்தான் நான் பிழை எண்டுறன்.

ஐரோப்பாவில தலையில பூசுற கலவையில இது 100க்கு 2க்கு மேல இருக்கேலாது, தோலில கீறுறதுக்கு அனுமதியே இல்லை. இஞ்ச கறுப்பு மெகந்தி எண்டு சின்னப்பிள்ளையளின்ர கையில கீறி விடினம். உண்மையான மருதோண்டி செம்மஞ்சளாத்தான் பிடிக்கும், அதுக்கும் மணித்தியாலக் கணக்கா வச்சிருக்கவேணும். கொஞ்ச நேரத்திலயே கரிக்கறுப்பாப் பிடிச்சால் அதுக்க இந்தச் சாமான் இருக்கெண்டுதான் நினைக்கவேணும்.

பக்கெற்றில இந்தப் பேரைத் தமிழில, கண்ணுக்குத் தெரியிற அளவில போடச்சொல்லி உரிய ஆக்கள் உத்தரவு போடவேணும். சலூன்காரரும் பூச முதல் காதுக்குப் பின்னால கொஞ்சம் தடவி 48 மணித்தியாலம் பாக்கச் சொல்லுங்கோ. வைகாசியில வட்டாப்பளைப் பொங்கல் வர முதல் இந்தக் கடிதத்தைப் போட்டால் பெரிய உதவி ஐயா, அங்க கோயில் வீதியிலதான் கூடுதலா மெகந்தி கீறுறவை.

புதுக்குடியிருப்பில இருந்து ஒரு வாசகி