எம்டன் நகரத்து பங்கர்கள்

அன்புள்ள கயல்,

உன் அறைக்கு எதிரே ஜன்னலே இல்லாத கான்கிரீட் கட்டடம் நிற்கிறது, அதை ஏன் இன்னும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவனிடம் கான்கிரீட்டைப் பற்றிக் கேட்டால் சும்மா விடுவேனா?

அது வான்தாக்குதல் பங்கர், அதாவது விமானங்கள் குண்டு போடும்போது மக்கள் ஒதுங்கும் இடம். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, 1940 அக்டோபரில் ஹிட்லர் போட்ட உத்தரவுக்குப் பிறகு ஜெர்மன் நகரங்களில் இப்படி நிறைய எழும்பின. உங்கள் எம்டன் கடலோரத் தாழ்நிலம். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அதனால்தான் பூமிக்கு அடியில் போகாமல் மேலே மாடி மாடியாகக் கட்டினார்கள். துறைமுகம் வேறு, அதனால் எதிரி விமானங்கள் ஊரைக் குண்டு போடாமல் விடவே இல்லை. (1914-இல் சென்னையில் குண்டு போட்ட கப்பலுக்கு இந்த ஊர்ப் பெயர்தான் என்று சொன்னதும் உன் பாட்டி திகைத்துப் போனாள்.)

1944 செப்டம்பர் 6 அன்று நடந்த தாக்குதலில் எம்டன் நகரின் பெரும்பகுதி எரிந்து போனது. பழைய நகர மன்றமும் போயிற்று. ஆனால் மக்கள் பங்கர்களுக்குள் ஒதுங்கியிருந்ததால் இறந்தவர்கள் ஐம்பது பேருக்கும் குறைவு. ஹாம்பர்க்கைப் பார். 1943 ஜூலையில் அங்கே முப்பதாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். அங்கும் பெரிய பங்கர்கள் இருந்தன. ஆனால் எத்தனையோ பேர் ஒதுங்கியது சொந்த வீட்டு நிலவறையில். தெருவே தீயானபோது சுவர் இடியாத நிலவறையிலும் நச்சுப்புகையும் வெக்கையும் ஆளைக் கொன்றன. தடித்த சுவரும், காற்று வரும் வழியும், ஓடிப்போய்ச் சேரும் தூரமும் சரியாக இருந்தால்தான் உயிர் மிஞ்சும்.

அதற்காக அந்தச் சுவரை ரொம்பவும் மெச்ச எனக்கு மனம் வரவில்லை. ஜெர்மனியில் இந்தக் கட்டுமானங்களில் கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்டவர்களின் உழைப்பு நிறைய. சைரன் ஊதினால் அவர்களில் பலருக்கு உள்ளே இடமில்லை. எம்டனில் மிஞ்சியிருந்த யூதர்களை 1941 அக்டோபரிலேயே போலந்தின் லோட்ஸ் நகரில் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவுக்கு ரயிலேற்றிவிட்டார்கள். யாருக்குக் கதவு திறக்கும் என்பதைக் கான்கிரீட் ஊற்றும்போதே முடிவு செய்தாயிற்று.

சரி, இடிக்காத காரணத்துக்கு வருகிறேன். அவ்வளவு கம்பியும் கான்கிரீட்டும் உடைய வேண்டுமென்றால் வெடி வைக்கணும். வைத்தால் சுற்றியுள்ள வீடுகள் தாங்காது. செலவும் எக்கச்சக்கம். அதனால் வேறு உபயோகத்துக்கு விட்டிருக்கிறார்கள். ஒரு பங்கர் அருங்காட்சியகமாகவே இருக்கிறது. என்றைக்குத் திறப்பார்கள் என்று விசாரித்துப் போய்வா. வாசலில் சுவர் எத்தனை அடி என்று அளந்து எழுது. படம் மட்டும் அனுப்பி ஏமாற்றாதே.

அம்மா ஸ்வெட்டர் பார்சல் போட்டுவிட்டாள். வந்ததும் ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா