கம்பெனி தொடங்கப்போகும் மகனுக்கு

அன்புள்ள கண்ணு,

வீட்டு முகவரியைக் கம்பெனிக்குக் கொடுக்கலாமா, மொத்தம் எவ்வளவு செலவாகும் என்று நேற்று போனில் கேட்டாய். குக்கர் சத்தத்தில் நான் பாதிதான் பதில் சொன்னேன். இருபது வருடம் ஆடிட்டர் ஆபீஸில் இந்தக் காகிதங்களோடு இருந்தவள், என் பிள்ளைக்கு அரைகுறையாகச் சொல்லி விட்டுவிடக் கூடாது என்று இதை எழுதுகிறேன்.

முகவரியைத் தாராளமாகக் கொடு. வீடு என் பேரில் இருக்கிறது, எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் ஒரு என்.ஓ.சி. எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். கூடவே இ.பி. பில் வேண்டும். அது இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள், அதனால் பில் வந்த கையோடு விண்ணப்பம் போட்டுவிடு. ஆபீஸில் எத்தனையோ பேருக்கு இந்த ஒரு காகிதத்தால் விண்ணப்பம் திரும்பி வந்திருக்கிறது.

பிரைவேட் லிமிடெட்டுக்கு இரண்டு டைரக்டர், இரண்டு பங்குதாரர் வேண்டும். நீயும் உன் சிநேகிதனுமே இரண்டாகவும் இருக்கலாம். ஆன்லைன் படிவங்களில் போட ஆளுக்கொரு டிஜிட்டல் கையெழுத்து வாங்குங்கள், ஒன்று இரண்டாயிரம் ரூபாய் அளவில் ஆகும். அப்புறம் கம்பெனியைப் பதிவு செய்யும் ஸ்பைஸ் பிளஸ் என்ற ஆன்லைன் படிவத்தின் முதல் பாகத்தில் கம்பெனிக்கு இரண்டு பெயர்களை எழுதி 1,000 ரூபாய் கட்டினால், சரியாக இருப்பதை ஒதுக்கித் தருவார்கள். அப்பாவின் பட்டறைப் பேரை வைக்க உனக்கு ஆசை என்று தெரியும், எனக்கும்தான். ஆனால் அதே மாதிரிப் பேரில் வேறு கம்பெனியோ பதிவான டிரேட்மார்க்கோ இருந்தால் கிடைக்காது. முதலில் தேடிப் பார். கிடைத்த பேர் 20 நாள்தான் நிற்கும், அதற்குள் இரண்டாம் பாகத்தை முடிக்க வேண்டும். டைரக்டர் எண், பான், வரிப் பிடித்தத்துக்கான டான் எண், பி.எஃப்., இ.எஸ்.ஐ., பேங்க் கணக்கு எல்லாமே அதோடு சேர்ந்து வந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலைந்திருக்கிறோம்.

பிரைவேட் லிமிடெட்டுக்கு ஒரு லட்சமாவது முதல் காட்ட வேண்டும் என்று இருந்ததை 2015-ல் எடுத்துவிட்டார்கள். கம்பெனி அதிகபட்சம் எவ்வளவுக்குப் பங்கு வெளியிடலாம் என்று எழுதிவைக்கும் அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 15 லட்சம் வரை பதிவுக் கட்டணமும் கிடையாது. முத்திரைத் தீர்வை மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆடிட்டருக்கோ கம்பெனி செக்ரட்டரிக்கோ கொடுக்கும் கூலியையும் சேர்த்துப் பதினைந்து இருபதாயிரத்துக்குள் முடித்துவிடலாம்.

எல்.எல்.பி. என்ற வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனமாகப் போட்டால் மலிவாயிற்றே என்று உன் மாமா கேட்டார். விற்றுமுதல் 40 லட்சத்தையும் கூட்டாளிகள் போட்ட மூலதனம் 25 லட்சத்தையும் தாண்டாதவரை அதற்குத் தணிக்கை கட்டாயமில்லை என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் வெளியே முதலீடு தேடப்போகிறீர்கள். பணம் போடுகிறவருக்குப் பங்கு கொடுக்க பிரைவேட் லிமிடெட்தான் தோது.

பதிவான பிறகுதான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். முப்பது நாளுக்குள் முதல் போர்டு கூட்டம் நடத்தி ஆடிட்டரை நியமிக்க வேண்டும். பங்குப் பணத்தை இருவரும் கம்பெனிக் கணக்கில் கட்டி, தொழில் தொடங்குகிறோம் என்று தெரிவிக்கும் ஐ.என்.சி. 20ஏ படிவத்தை 180 நாளுக்குள் போட வேண்டும். அதை மறந்தால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம், டைரக்டர்களுக்குத் தனியாக. வருடா வருடம் கணக்குக்கு ஏ.ஓ.சி. 4, ஆண்டறிக்கைக்கு எம்.ஜி.டி. 7ஏ என்று இரண்டு படிவம் உண்டு. ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாத வருடத்திலும் தணிக்கை செய்து இவற்றைப் போட்டாக வேண்டும். தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். ஒரு வருடம் விட்டால் இரண்டுக்குமாக 73,000 ரூபாய் ஏறிவிடும். கம்பெனியே ஓடவில்லை, எதற்குக் கணக்கு என்று மூன்று வருடம் விட்டவர்கள் பலர். 2017-ல் அப்படிப்பட்ட 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்களைத் தகுதி நீக்கம் செய்தார்கள். ஐந்து வருடத்துக்கு வேறு எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக முடியாது. அந்த வருடம் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றவர்களின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. வருடச் செலவுக்கு முப்பதாயிரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத் தொடங்கு.

அடுத்து அப்பா விஷயம். நீ அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். லேத் பட்டறை அவர் ஒருவர் பேரில், ப்ரொப்ரைட்டராக ஓடியது. பம்புப் பாகங்கள் கடைந்து கொடுத்த ஒரு பெரிய பார்ட்டி ஏழு மாத பில்லை நிறுத்திவிட்டது. இரும்புக் கடைக்காரருக்கும் பேங்குக்கும் பணம் கட்ட வேண்டியவர் அப்பாதான். பட்டறைக் கடன் வேறு, வீட்டுச் சொத்து வேறு என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை. சரவணம்பட்டி சைட் போனது, என் நகை போனது. நீ பிரைவேட் லிமிடெட் என்று சொன்னதும் எனக்கு மனசு நிறைந்ததற்கு அதுதான் காரணம். அதில் பங்குக்குப் போட்ட பணத்தோடு உன் நஷ்டம் நின்றுவிடும்.

ஆனால் பேங்கில் கடன் கேட்டுப் போகும்போது ஒரு கட்டுக் காகிதம் நீட்டுவார்கள். அதற்குள், கம்பெனி கட்டாவிட்டால் நானே கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் பெர்சனல் கேரண்டி என்று ஒன்று இருக்கும். அதில் நீ கையெழுத்துப் போட்டால், அந்தக் கடனைப் பொறுத்தவரை அப்பா நின்ற இடத்தில்தான் நீயும் நிற்பாய். கம்பெனி திவாலானாலும் கேரண்டி கொடுத்தவரைத் துரத்தலாம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சிறுதொழிலுக்குச் சொத்துப் பிணை இல்லாமல் தரும் கடன் இருக்கிறது, அதை முதலில் கேள். எந்த மேனேஜர் அவசரப்படுத்தினாலும் அந்தக் கட்டை வீட்டுக்குக் கொண்டு வா. நாம் இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துவிட்டு முடிவு செய்வோம்.

சிறுதொழில் என்று அரசாங்கத்தில் பதியும் உத்யம் பதிவையும் செய்துவிடு, அதற்குக் கட்டணமே இல்லை. அது இருந்தால் வாங்கிய பொருளுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று பார்ட்டியைச் சட்டப்படி கேட்கலாம். அப்பா காலத்தில் எங்களுக்கு அப்படிக் கேட்கத் தெரியவில்லை.

உன் சிநேகிதனோடு பாதிக்குப் பாதி பங்கு என்றாய். ஒருவர் நடுவில் விலகினால் அந்தப் பங்கு யாருக்கு, என்ன விலைக்கு என்று இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். நல்ல பையன்தான், அவன் அம்மாவும் இதையே சொல்வாள்.

வரும் வாரம் ரீடிங் எடுக்க வருவார்கள். பில் வந்த அன்றே என்.ஓ.சி.யோடு சேர்த்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பான் கார்டில் உன் அப்பா பேர் ஒரு எழுத்து மாறி இருந்ததே, அதைத் திருத்திவிட்டாயா என்று மட்டும் இன்றே பார்த்துச் சொல்.

அன்புடன்,
அம்மா