யாழ் பல்கலைக்கழக மூதவைக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்காரனின் மடல்

மூதவை உறுப்பினர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் போட்டோக்கொப்பி, பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் எழுதுவதை அவர்களின் விரிவுரையாளர்களுக்கு முன்பே பார்த்துவிடுபவன். பல இடங்களில் படிக்கிறவர்களும் வருவார்கள். யார், எங்கே என்று இங்கே சொல்லப்போவதில்லை.

போன மாதம் ஒரு தம்பி பனைத் தொழில் பற்றிய ஆய்வேட்டைக் கட்டக் கொண்டுவந்தார். பக்கம் சரிபார்க்கும்போது உசாத்துணைப் பட்டியலில் கண் நின்றது. யாழ்ப்பாணத்தில் அச்சான நூலாம். ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் கச்சிதம். அந்தப் பதிப்பகத்தை நான் கேள்விப்பட்டதேயில்லை.

"இந்தப் புத்தகத்தைப் பாத்தனீரோ?"

"இல்லை அண்ணை, சட்ஜிபிடி தந்தது."

இருவருமாக, ஈழத்து நூல்களைச் சேர்த்து வைக்கிற 'நூலகம்' இணையத்தளத்தில் தேடினோம், பிறகு கூகுளில். 18 நூல்களில் 7 எங்கேயும் இல்லை.

அந்தப் பிள்ளை கள்ளன் இல்லை. சட்ஜிபிடி என்கிற அந்தச் செயற்கை நுண்ணறிவுக் கருவி அலுமாரியில் நூலை எடுத்துப் பார்த்துச் சொல்வதில்லை, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கோக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. உசாத்துணை என்றால் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும். அதுபோல ஒன்றைச் செய்து தந்துவிடும். எங்கள் ஊர் விடயங்களைப் பற்றி அது படித்த எழுத்தும் குறைவு.

இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கிற மென்பொருள் வாங்கினால் போச்சு என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். சட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாதென்று 2023 யூலையில் நிறுத்தியது. அதே ஆண்டு ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் எழுதிய டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் இயந்திரம் எழுதியதென்றன. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதுகிற எங்கள் பிள்ளைகள்தான் முதலில் அகப்படுவார்கள்.

சட்ஜிபிடியைத் தடைசெய்யவும் சொல்லவில்லை. கடைக்கு ஆங்கிலக் கடிதம் எழுத நானே அதைத்தான் பிடிக்கிறேன். நான் கேட்பது, முதலாம் வருடத்திலேயே, எல்லாப் பீடத்துக்கும், தமிழில், இந்தக் கருவியைப் பற்றிச் செய்துபார்த்துப் படிக்கிற ஒரு வகுப்பு. கணினி படிக்கிறவனை விட இந்து நாகரிகமும் சங்கீதமும் படிக்கிற பிள்ளைக்கு அது கூடத் தேவை. 1981 இல் யாழ் பொது நூலகம் எரிந்ததைப் பற்றிக் கருவியிடம் கேட்கட்டும். வந்த பதிலை வரிவரியாகப் பழைய பத்திரிகைகளோடு ஒப்பிடட்டும். எங்கே பிழைத்தது என்று கண்டுபிடித்ததற்குப் புள்ளி கொடுங்கள். விரிவுரையாளர்களும் பின்வாங்கில் வந்து இருக்கலாம், குறைநினைக்க வேண்டாம்.

இன்னொன்று. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைப் பற்றி ஆய்வுக்காக ஒரு தாய் நம்பிச் சொன்னதை, சுருக்கித் தா என்று அந்தக் கருவிக்குள் ஒட்டக்கூடாது. அது எந்த நாட்டுக் கணினியில் போய்க் கிடக்கும் என்று அந்தத் தாய்க்கும் தெரியாது, ஒட்டிய பிள்ளைக்கும் தெரியாது.

அந்தத் தம்பி நாலு நாள் கழித்து வந்தார். உசாத்துணைப் பக்கத்தை மட்டும் மாற்றி அச்சிடச் சொன்னார். எண்ணிப் பார்த்தேன். 11 இருந்தது.

இப்படிக்கு,
ஒரு கடைக்காரன்