அந்த டப்பிங் தாளைத் திரையில் போடுங்கள்

அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன் தொடர்களைச் சட்டப்படி வழங்கும் ஸ்ட்ரீமிங் நிறுவனங்களின் இந்தியப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்களில் ஒரு நிறுவனத்திடமிருந்து எங்களுக்குப் பதில் வந்தது. தமிழ் டப் இருக்கிற தொடரில் தமிழ் சப்டைட்டில் ஏன் இல்லை என்று கேட்டிருந்தோம். ஆங்கில சப்டைட்டிலைப் பயன்படுத்திக்கொள்ளலாம், உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம், தொடர்ந்து பார்த்து மகிழுங்கள் என்று மூன்று வரி. எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் நமக்கில்லை என்று ஒதுங்கிக்கொள்வீர்கள்.

திருட்டுத் தளத்தில் பார்க்காதீர்கள், ரசிகர்கள் சப்டைட்டில் போட்டுச் சுற்றில் விடுவதை நம்பாதீர்கள், சட்டப்படி பாருங்கள் என்று நீங்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறீர்கள். அதில் எங்களுக்குத் தகராறு இல்லை. படம் வரைகிறவனுக்குக் கூலி போக வேண்டும். சந்தாவும் மாதம் தவறாமல் கட்டுகிறோம். ஆனால் "மாற்று" என்று ஒன்றைக் கொடுத்தால், முன்பு இருந்தது செய்த வேலையை அதுவும் செய்ய வேண்டும் இல்லையா?

கருங்கலுக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அம்மாவுக்கு அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில் வேலை. தங்கை மார்த்தாண்டத்தில் ஒரு தையல் கடையில் இருக்கிறாள். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. படித்தது காது கேளாதோர் பள்ளியில். காது கேளாத மாணவர்களுக்கு ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்று தமிழ்நாட்டில் சலுகை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் தமிழை எழுதினாள், ஆங்கிலத்தை விட்டாள். ஆகவே தமிழ் என்றால் என்னைவிட வேகமாக வாசிப்பாள். ஆங்கிலம் என்றால் கடைப் பலகை, மாத்திரை அட்டை, போனில் நாலு மெனு. "ஆங்கில சப்டைட்டிலைப் பயன்படுத்திக்கொள்ளலாம்" என்ற உங்கள் வரியை நான்தான் அவளுக்குத் தமிழில் எழுதிக் காட்டினேன்.

அனிமே அவளுக்கு அறிமுகமானது டெலிகிராமில், ரசிகர்கள் போட்ட தமிழ் சப்டைட்டில் வழியாக. உங்கள் கணக்கில் அது உரிமை மீறல், தெரியும். அந்தப் பையன்கள் என்ன செய்தார்கள் என்பதையும் கொஞ்சம் கேளுங்கள். இருபத்து நாலு நிமிட எபிசோடு ஒன்றில் முந்நூறு, நானூறு வரி வரும். ஏஜிசப் என்கிற இலவச மென்பொருளில் ஒவ்வொரு வரியையும் ஒலிக்கு நேராக இழுத்து வைத்து, எங்கே தொடங்கி எங்கே மறைய வேண்டும் என்று பார்த்து, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஆளுக்கொரு நிறம் கொடுத்து, திரையில் இருக்கிற ஜப்பானியக் கடைப் பெயரைக்கூட விடாமல் தமிழில் போட்டார்கள். வேலைக்கும் காலேஜுக்கும் போய்விட்டு வந்து ராத்திரி உட்கார்ந்து செய்தது. ஒருநாள் தங்கை குழுவில் எழுதினாள்: எனக்குக் காது கேட்காது, சத்தங்களையும் எழுதினால் நன்றாக இருக்கும் என்று. அடுத்த எபிசோடிலிருந்து அடைப்புக்குறிக்குள் வரத் தொடங்கியது. பின்னால் காலடிச் சத்தம். தூரத்தில் ரயில். அழுகையை அடக்கும் சத்தம். யாரும் கூட்டம் போடவில்லை, கருத்துக்கு நன்றி என்று கடிதம் அனுப்பவில்லை. போட்டார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தத் தொடர் தமிழ் டப்போடு சட்டப்படி வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. அன்றைக்கே குழு தன் கோப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டது. உரிமம் பெற்ற தொடரைத் தொடக் கூடாது என்பது வீடியோ கேசட் காலத்திலிருந்தே ரசிகர்களுக்குள் ஓடிவந்த வழக்கம். எல்லோரும் அதை மதித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். இவர்கள் மதித்தார்கள். இனி சட்டப்படி பாருங்கள், தமிழிலேயே வருகிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

பார்த்தோம். தமிழ் வந்தது, ஒலியாக மட்டும்.

தமிழ் சீரியலில் ஆட்களின் வாயைப் பார்த்துப் பாதியாவது பிடித்துக்கொள்வாள். அனிமேயில் அதற்கும் வழி கிடையாது. பேசுகிற முகத்துக்குப் பெரும்பாலும் மூன்றே வாய்தான் வரைவார்கள்: மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது. அவற்றை மாற்றி மாற்றிக் காட்டினால் பேச்சு. அதை எந்த மொழியில் டப் செய்தாலும் காது கேட்காதவருக்குத் தெரியப்போவது அந்த மூன்று வாய்தான்.

பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் செயலி ஒன்றை என் போனில் போட்டு, டிவியின் ஸ்பீக்கருக்கு அருகே பிடித்துப் பார்த்தோம். வசனம் தனியாக வந்தால் சுமாராக எழுதுகிறது. பின்னணி இசை ஏறினால் போச்சு. எங்கள் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை கூரையில் விழத் தொடங்கினால் செயலி தானாகவே எதையோ எழுத ஆரம்பிக்கும். வாள் சண்டை நடக்கிறது, போனில் "அத்தை வாங்க வாங்க" என்று ஓடுகிறது. முதலில் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் என் கையிலிருந்து போனை வாங்கிக் கீழே வைத்துவிட்டு டிவியை நிறுத்தினாள். அந்தத் தொடரின் புது சீசனை அவள் இன்னும் பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் கதை சொல்கிறேன். சந்தா கட்டுவது அவள் சம்பளத்தில்.

இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று. தமிழ் டப் செய்யும்போது மைக்குக்கு முன்னால் நின்று பேசியவர் கையில் ஒரு தாள் இருந்திருக்கும். தாளோ, டேப்லெட்டோ, எதுவோ ஒன்று. அதில் அவ்வளவு வசனமும் தமிழில் எழுதியிருக்கும். யாரோ காசு வாங்கி எழுதிக் கொடுத்தது, நீங்கள் சரிபார்த்தது, எந்த நொடியில் பேச வேண்டும் என்று குறித்தும் வைத்தது. அந்தத் தாள் எங்கே போகிறது? அதைத் திரையில் போடுங்கள். புதிதாக மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியில் அவியல், புளிசேரி, அடைப் பிரதமன் எல்லாம் தயாராகி வாளியோடு ஆள் நிற்க, இலை மட்டும் போடாத கதையாக இருக்கிறது உங்கள் காரியம்.

சட்டத்தை நீங்கள்தான் அடிக்கடி நினைவுபடுத்துகிறீர்கள், அதனால் நானும் கொஞ்சம் வாசித்தேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 42-ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் ஒலிவிவரிப்பு, சைகை மொழி, வசனவரி கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021-இல் உங்களைப் போன்ற ஸ்ட்ரீமிங் நிறுவனங்களுக்கு என்றே உள்ள நெறிமுறை, மாற்றுத்திறனாளிகள் அணுக ஏற்ற வசதிகளைச் செய்ய இயன்ற அளவு முயல வேண்டும் என்கிறது. இயன்ற அளவு! ராத்திரி முழித்திருந்து சும்மா செய்த பையன்களுக்கு இயன்றது, உங்களுக்கு இயலவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவில் 2012-இல் ஓர் உட்பிரிவைச் சேர்த்தார்கள். வழக்கமான வடிவில் ஒரு படைப்பை அனுபவிக்க முடியாத மாற்றுத்திறனாளிக்கு, அவருடைய சொந்த உபயோகத்துக்காக, லாப நோக்கமில்லாமல், ஏற்ற வடிவில் மாற்றிக் கொடுப்பது உரிமை மீறல் ஆகாது என்பது அதன் சாரம். நான் வக்கீல் இல்லை. முழு வீடியோவோடு சேர்த்து ஊருக்கே அனுப்புவதெல்லாம் அதில் அடங்காது என்பது எனக்கே புரிகிறது. ஆனால் என் தங்கைக்கு வசனத்தை எழுதிக் கொடுப்பவரைச் சட்டம் கூடத் திருடன் என்று சொல்லத் தயங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திருட்டு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2006-இல் தொடங்கிய கிரஞ்சிரோல் என்கிற அனிமே ஸ்ட்ரீமிங் தளம் முதலில் வளர்ந்தது ரசிகர்கள் ஏற்றிய வீடியோக்களால்தான். ரசிகர்கள் சப்டைட்டில் போட்டவை அதில் ஏராளம். பிறகு டிவி டோக்கியோ என்கிற ஜப்பானியத் தொலைக்காட்சியோடு ஒப்பந்தம் ஆனது, 2009 ஜனவரியில் உரிமம் இல்லாதவை நீக்கப்பட்டன, நருட்டோ ஷிப்புடென் தொடர் ஜப்பானில் ஒளிபரப்பான ஒரு மணி நேரத்துக்குள் சந்தாதாரர்களுக்குச் சப்டைட்டிலோடு சட்டப்படி வரத் தொடங்கியது. 2021-இல் சோனி அதை 117.5 கோடி டாலருக்கு வாங்கியது. நல்லது, வளரட்டும். அன்று ஆங்கிலம் வாசிக்கிறவர்களை உங்கள் துறை பிடித்தது எழுத்தைக் காட்டித்தான். டப்பைக் காட்டி அல்ல. அந்தப் பாடம் தமிழுக்கு வரும்போது மட்டும் எப்படி மறந்துபோகிறது?

காது கேளாதவர்கள் மட்டுமா கேட்கிறோம்? ஜப்பானியக் குரலிலேயே கேட்டுத் தமிழில் வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் எத்தனையோ பேர். டப் செய்யாத தொடர்கள்தான் உங்களிடம் மிகுதி, அவற்றைப் பார்க்க ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம், அங்கே மலையாளத்தில் உலக சினிமாவுக்கு வசனவரி எழுதும் தன்னார்வலர்கள் பல வருடமாக இயங்குகிறார்கள். அவர்களைப் பார்த்தாவது, எழுத்தாக வாசிக்க ஆள் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா?

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை என்பதும் உண்மைதான். எங்கள் பக்கத்தில் அறிவிப்பு என்றால் ஆட்டோவில் மைக் கட்டிப் போவது. நாளைக்குக் கரண்ட் கிடையாது, தண்ணீர் வராது, அம்மன் கோவில் கொடை, கோட்டார் சவேரியார் திருவிழா, எல்லாம் மைக்தான். பஸ்ஸில் கண்டக்டர் வாயால் சொல்வதுதான் ஊர்ப் பெயர். பேங்கில் டோக்கன் எண் திரையில் வரும், திரை கெட்டுப்போனால் கூப்பிடுவார்கள், திரை எப்போதும் கெட்டுத்தான் இருக்கும். தியேட்டரில் 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் இன்ஃபினிட்டி காசில் என்கிற அனிமே படம் தமிழிலும் வந்தது என்று ஊரே கொண்டாடியது. நாங்கள் போன காட்சியில் திரையில் ஓர் எழுத்து இல்லை. டிக்கெட்டில் மட்டும் தமிழ் என்று எழுத்தில் போட்டிருந்தார்கள். இதற்கெல்லாம் உங்களிடம் மனுப் போட முடியாது, தெரியும். கையில் இருக்கிற போனில், நம் காசில், நிறுத்தி வாசிக்கக்கூடிய ஒரு பொழுதுபோக்கு இருந்தது. அதுவும் மைக் கட்டிய ஆட்டோ ஆகிவிட்டதே என்றுதான் கோபம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். பழைய டிவிகளில் தமிழ் எழுத்து உடையும், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போகும் என்று உங்கள் தொழில்நுட்பக்காரர்கள் சொல்லலாம். நியாயமான சிக்கல்தான். ரசிகர்கள் அதற்காகவே எழுத்தைப் படத்தோடு பதித்துக் கொடுத்தார்கள். சப்டைட்டிலைப் படமாகவே அனுப்பும் முறை உங்கள் துறையிலும் இருக்கிறது. டப்பிங் வசனம் வாயசைவுக்காகச் சுருக்கியது, சப்டைட்டிலுக்குச் சரிவராது என்று இன்னொருவர் சொல்லலாம். பரவாயில்லை. மற்றவர்கள் காதால் கேட்கிற அதே வசனத்தை அவள் கண்ணால் வாசிக்கட்டும். அதுதான் நாங்கள் கேட்பது. மெருகு பிறகு பார்த்துக்கொள்ளலாம். சத்தங்களையும் சேர்த்து எழுத ஆள் வேண்டும் என்றால், அந்தக் குழுவில் இருந்த பையன்களுக்கு இந்த வேலை தெரியும். கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள்.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தமிழ் டப் உள்ள ஒவ்வொரு தொடரிலும் தமிழ் சப்டைட்டில் போடுங்கள், அந்த டப்பிங் தாளிலிருந்தே தொடங்குங்கள். அடுத்த சீசனுக்கு முன்னால் எந்தெந்தத் தொடருக்கு எப்போது வரும் என்று ஓர் அட்டவணை சொல்லுங்கள். ஆங்கிலத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மட்டும் திரும்ப எழுதாதீர்கள்.

பதில் தமிழில், எழுத்தில் வரட்டும். போன தடவை உங்கள் நிறுவனங்களில் ஒன்று, குறையைக் கேட்டறிய எங்கள் பிரதிநிதி உங்களைத் தொலைபேசியில் அழைப்பார் என்று செய்தி அனுப்பியது. சந்தாவில் இருப்பது தங்கையின் எண்.

இப்படிக்கு,
சந்தாதாரர் ஒருவரின் அண்ணன்,
கருங்கல் அருகே, கன்னியாகுமரி மாவட்டம்.