முட்டி போட ஒரு மெத்தை

நாமக்கல்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். "பட்டறையில் முட்டி போட்டு வேலை செய்ய இதில் எது வாங்கட்டும்மா?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால், மூன்றுமே வேண்டாம். காரணத்தை வாய்ஸ் மெசேஜில் சொன்னால் பாதி கேட்பதற்குள் ஏதாவது வண்டிக்கு அடியில் போய்விடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். மத்தியானம் சாப்பிடும்போது நிதானமாகப் படி.

முதலில் அந்த நீல மெத்தை. மெமரி ஃபோம், நடுவில் ஜெல், மேலே வெல்வெட் மாதிரி துணி. அமுக்கினால் விரல் பதிந்து மெதுவாக எழும்பும், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். நம் குஷன் கடைக்கு லாரி சீட் தைக்க வருகிற டிரைவர்களும் இப்படித்தான் ஃபோமைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "இதையே போடுங்கக்கா, மெதுமெதுன்னு இருக்கு" என்பார்கள். ஒரு டிரிப் மும்பை போய்த் திரும்பினால் தெரியும். ஃபோம் நசுங்கி, அடிப்பலகை இடுப்பில் இடிக்கும். கட்டைவிரலுக்கு மெத்தென்று இருப்பதெல்லாம் உடம்பைத் தாங்காது.

சீட்டிலாவது இடுப்பும் தொடையும் சேர்ந்து எடையைப் பங்கு போட்டுக்கொள்ளும். முட்டி போடும்போது அந்த வசதி இல்லை. நீ 80 கிலோவுக்குக் குறைய மாட்டாய். அதில் பெரும்பகுதி உள்ளங்கை அகலம்கூட இல்லாத இரண்டு இடத்தில் போய் இறங்குகிறது. போதாததற்கு மெமரி ஃபோம் உடம்புச் சூட்டுக்கு இன்னும் இளகும். வீல் நட்டு கழற்றி, பிரேக் கேலிப்பர் போல்ட்டில் கை வைப்பதற்குள் உன் முட்டி சிமெண்ட் தரையைத் தொட்டிருக்கும். முட்டிக்குக் கொஞ்சம் கெட்டியானதுதான் சுகம். வாங்கிய அன்று "என்னடா இது, இவ்வளவு கெட்டியா இருக்கே" என்று தோன்ற வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்து எழும்போதுதான் அதன் அருமை தெரியும்.

ஃபோமைக் கையால் பார்க்காமல் எடையால் பார்க்க வேண்டும். டென்சிட்டி என்று நாங்கள் கடையில் சொல்வது அதைத்தான்: ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கிறது என்ற கணக்கு. சீட்டுக்கு 32, 40 என்று போடுவோம். முட்டிக்கு அது காணாது, 100 பக்கத்தில் இருந்தால் நல்லது. ஆன்லைனில் டென்சிட்டியை எழுத மாட்டார்கள், ஆனால் அளவும் எடையும் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். நீயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 4 செ.மீ. கனம் என்றால் 5,400 கன செ.மீ. அது 540 கிராம் எடை இருந்தால் டென்சிட்டி 100. அதே அளவில் 200 கிராம்தான் என்றால் 37, அதாவது சீட் ஃபோமை வெட்டி உறை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஜெல் வைத்ததில் மட்டும் இந்தக் கணக்கு ஏமாற்றும். எடை ஜெல்லில் இருக்கும், ஃபோம் சொத்தையாகவே இருக்கும்.

கடையில் நேரில் வாங்குவதானால் கணக்கே வேண்டாம். பையில் ஒரு 10 எம்எம் நட்டைப் போட்டுக்கொண்டு போ. நட்டைத் தரையில் வைத்து, அதன்மேல் மெத்தையைப் போட்டு, ஒற்றை முட்டியை ஊன்றி மொத்த எடையையும் சாய். ஐந்து நிமிடம் அப்படியே இரு. நட்டின் மூலை எங்கே இருக்கிறது என்று முட்டிக்குத் தெரிந்தால் அந்த மெத்தையைத் திருப்பிக் கொடுத்துவிடு. கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும், உன் பட்டறைத் தரையில் நட்டும் வாஷரும் கிடக்காத நாள் உண்டா?

நீல மெத்தையில் எனக்கு ஆகாத இன்னொன்று ஆயில். மெமரி ஃபோம், சீட் ஃபோம் எல்லாமே பாலியூரித்தேன்தான். உள்ளே இருக்கிற கண்ணறைகள் ஒன்றோடொன்று திறந்தே இருக்கும், எது பட்டாலும் குடித்துவிடும். கியர் ஆயில், டீசல், கூலண்ட், ரேடியேட்டர் தண்ணீர் எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். துவைத்தாலும் போகாது. அப்புறம் ஒவ்வொரு முறை முட்டியை ஊன்றும்போதும் அது கசிந்து உன் பேண்டில் ஏறும், தோலில் ஏறும். ஓடிய எஞ்சின் ஆயில் தோலுக்கு ஆகவே ஆகாது. ஆயில் குடித்த ஃபோமில் கிரைண்டர் பொறி ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ இப்போது போட்டுக்கொள்கிற அட்டைப் பெட்டிக்கும் இதே குணம்தான். அதற்காவது காசு கொடுக்கவில்லை.

இரண்டாவது படத்தில் இருக்கும் பச்சைப் பலகை ஈவிஏ ஃபோம். தோட்ட வேலைக்காக விற்பது, நடுவில் கைப்பிடி ஓட்டை போட்டது. ஈவிஏ நல்ல சரக்குதான். ஸ்போர்ட்ஸ் ஷூ அடிப்பாகத்தில் போடுவதும் அதுவே. கண்ணறைகள் மூடியிருக்கும், தண்ணீரையும் ஆயிலையும் குடிக்காது, ஒரு துணியால் துடைத்தால் போதும். குறை என்னவென்றால், நீ அனுப்பியது கனமே இல்லாத ரகம், அகலமும் போதாது. இரண்டு முட்டியையும் ஒட்டி வைத்தால்தான் அதில் இடம் பிடிக்கும். கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு வீலை இழுத்துக் கழற்ற முடியுமா? ரோஜாச் செடிக்குக் களை பிடுங்க அது போதும். இதே ஈவிஏவில் 3, 4 செ.மீ. கனத்தில் பெரிய பலகையாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கு. வெல்டிங் வைக்கிற இடத்துக்கும் சூடான சைலன்ஸர் பக்கத்துக்கும் மட்டும் கொண்டுபோகாதே, உருகிவிடும். நாள்பட முட்டி படுகிற இடம் பள்ளமாகிப் போகும். அப்போது திருப்பிப் போடு, அதுவும் பள்ளமானால் தூக்கிப் போடு.

ரப்பரில் வாங்குவதானால் என்ன ரப்பர் என்று கேட்டு வாங்கு. இதை நான் உனக்குச் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். பிரேக் சிலிண்டர் ரப்பர் கப்பை டீசலில் கழுவினால் ஊதிப்போகும், அதே டீசலில் ஊறினாலும் ஆயில் சீலுக்கு ஒன்றும் ஆகாது என்பது உன் கடைப் பையன்களுக்கே தெரியும். சீலில் இருக்கிற நைட்ரைல் ரப்பர் முட்டி மெத்தையிலும் வருகிறது, பெட்டியில் என்பிஆர் என்று போட்டிருப்பார்கள். ஆயிலைத் தாங்கும். பிரேக் ஃப்ளூயிட் அதற்கு ஒத்துவராது, சிந்தினால் உடனே கழுவிவிடு. சாதாரண ரப்பர் ஆயில் பட்டுப் பட்டு ஊதி, பிசுபிசுத்து, கையோடு வர ஆரம்பிக்கும். எந்த மெத்தையானாலும் பெட்ரோலில் கழுவாதே. சோப்புத் தண்ணீர், நிழலில் காயவைத்தல், அவ்வளவுதான்.

மூன்றாவது, பெல்ட் போட்டுக் காலில் கட்டுகிற கவசம். டைல்ஸ் ஒட்டுகிறவர்களுக்கு அது சரி, அவர்கள் அறை முழுக்க முட்டியாலேயே நகர வேண்டும். நீ ஒரே இடத்தில் அரை மணி நேரம் வேலை செய்கிறாய், உடனே எழுந்து இன்னொரு வண்டிக்குப் போகிறாய். நாள் முழுக்க முட்டிக்குப் பின்னால் பெல்ட் இறுக்கிக்கொண்டிருந்தால் வேர்வையும் உராய்வும்தான் மிச்சம். அந்த அட்டையில் ஈஎன் 14404 என்று போட்டிருந்ததே, அது என்ன என்று உன் தங்கச்சியைக் கேட்டேன். ஐரோப்பாவில் முட்டிக் காப்புக்கு வைத்திருக்கிற தர விதியாம். காலில் கட்டுவது முதல் வகை, பேண்ட் பையில் சொருகுவது இரண்டாவது, தரையில் போடுகிற மெத்தை மூன்றாவது. அப்புறம் 0, 1, 2 என்று படிகள். 0 வெறும் சமதரைக்கு. 1 என்றால் தரையில் கிடக்கிற சின்னச் சாமான் குத்தாமல் காக்கும். 2 கரடுமுரடான பாறை மாதிரி இடங்களுக்கு. நீ வாங்குவதில் இந்த எண் இருந்தால், மூன்றாவது வகையில் 1 போதும். இல்லாவிட்டால் என்னுடைய நட்டுச் சோதனையே போதும்.

இப்போது நான் சொல்ல வந்தது: நானே தைத்து அனுப்புகிறேன். நம் கடையில் ரீபாண்டட் ஃபோம் இருக்கிறது. துண்டு ஃபோம்களை அரைத்து, பசை போட்டு அழுத்திச் செய்வார்களே, கலர் கலராகப் புள்ளி தெரியும், அதுதான். கல்லு மாதிரி இருக்கும். அதை 100 டென்சிட்டியில், 25 எம்எம் கனத்துக்கு அடியில் வைப்பேன். மேலே 12 எம்எம் ஈவிஏ ஷீட். இரண்டையும் சொல்யூஷன் போட்டு ஒட்டி, லாரி சீட்டுக்குப் போடுகிற கனமான ரெக்ஸினில் உறை. மேல் பக்கம் ஒரு தையல்கூட வராது. ஊசி ஓட்டை வழியாகத்தான் ஆயில் உள்ளே இறங்கும், அதனால் தையல் முழுவதும் பக்கவாட்டில் கீழ் விளிம்பை ஒட்டிப் போடுவேன். ஜிப் வைக்க மாட்டேன், இரும்புத்தூள் போய் அடைத்துக்கொள்ளும். அடியில் புள்ளி வைத்த ரப்பர் மேட். ஆயில் தரையில் வெறும் ரெக்ஸின் வழுக்கும், ஸ்பேனரை இழுக்கும்போது நீ ஒரு பக்கம், மெத்தை ஒரு பக்கம் போவாய். ஓரத்தில் ஒரு வார் இருக்கும், வேலை முடிந்ததும் ஆணியில் மாட்டு. தரையில் கிடந்தால் எவனாவது வண்டியை ஏற்றுவான்.

ரெக்ஸின் மஞ்சள் நிறத்தில் போடப்போகிறேன். கறுப்பில் அழுக்குத் தெரியாது என்பாய். அழுக்கு தெரிய வேண்டும் என்றுதான் மஞ்சள். ஆயில் பட்டது தெரிந்தால்தானே துடைப்பாய். கீழே விழுந்த சர்க்ளிப் வளையம் கூட அதில் பளிச்சென்று தெரியும்.

உங்கப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "முட்டியை ஏன் இறக்கணும், வண்டியை ஏத்தச் சொல்லு" என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். லிஃப்ட் காலியாக இருந்தால் பிரேக் வேலையைத் தரையில் செய்யாதே. இல்லாவிட்டால் சக்கரம் வைத்த குட்டி ஸ்டூல் விற்கிறார்களே, உட்கார்ந்தபடியே நான்கு வீலுக்கும் உருண்டு போகலாம், அது ஒன்று வாங்கிப் போடு. பம்பருக்கு அடியில் கிளிப் மாட்டுவது, சீட்டுக்குக் கீழே வயர் தேடுவது, இதற்குத்தான் முட்டி போட்டாக வேண்டும். அப்போதும் ஒரே நிலையில் இருக்காதே. நேராக முட்டி போட்டால் முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கிற மேட்டெலும்பு எடையைத் தாங்கும், முன்னால் குனிந்து கையை ஊன்றினால் எடை சில்லுமேலேயே ஏறும். கொஞ்ச நேரம் இப்படி, கொஞ்ச நேரம் ஒற்றை முட்டி, நடுவில் எழுந்து நாலு எட்டு நட. குதிகால்மேல் உட்கார்ந்துவிடாதே. முட்டி முழுக்க மடங்கினால் உள்ளே இருக்கிற ஜவ்வுக்கு அழுத்தம் அதிகம்.

எதிர்வீட்டில் டைல்ஸ் வேலைக்குப் போகிற தம்பிக்குப் போன மாசம் முட்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. சில்லுக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய நீர்ப்பை ஒன்று இருக்கிறதாம், அது அழுந்தி அழுந்தி நீர் கோத்துக்கொண்டது. வெறும் வீக்கம்தான், ஓய்வு கொடுத்தால் வடியும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சிவந்து, சூடாக இருந்து, காய்ச்சலும் வந்தால் சீழ் பிடித்திருக்கும், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்றாராம். உனக்கு அப்படி ஏதாவது தெரிந்தால் எண்ணெய் போட்டு உருவிவிடாதே, ஊசியால் குத்தி எடுக்கிறேன் என்று கிளம்பாதே. நேராக டாக்டரிடம் போ. ஓசூர்க் குளிரில் காலையில் சிமெண்ட் தரை சில்லென்று இருக்கும், மரத்துப்போன முட்டியில் வலி உடனே தெரியாது. வலிக்கவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதே.

இனி நீ செய்ய வேண்டியது. ஒரு நியூஸ்பேப்பரை விரித்து, வீல் கழற்றும்போது எப்படி உட்காருவாயோ அப்படியே முட்டி போடு. யாரையாவது விட்டு இரண்டு முட்டியையும் அதற்குக் கீழே ஒரு சாண் காலையும் சுற்றிப் பேனாவால் கோடு போடச் சொல். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்பு. கடைப் பையன்கள் இருவருக்கும் தனித்தனியாக எடு, உன் அளவு அவர்களுக்குச் சரிப்படாது. செவ்வாய்க்கிழமைக்குள் அனுப்பினால் வாரக் கடைசியில் பார்சல் சர்வீஸில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா