தூண்டில் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. ஆயுத பூஜை நடந்தது. கடற்கரைத் துப்புரவும் நடந்தது. வந்தவர்களுக்கு நன்றி, வராதவர்களைப் பற்றி அப்புறம்.

இந்த ஆண்டு உருப்படியாக நடந்தது திருக்கைக் குறிப்பேடு. "சார், திருக்கை எங்கே கிடைக்கும்?" என்று இரவு பத்து மணிக்குப் போன் வருவதை நிறுத்தத்தான் இதைத் தொடங்கினேன். நம் கரையோரத்துச் சின்னத் திருக்கைக்கு 1801-லேயே, சோழமண்டலக் கரையில் கிடைத்த மீனை வைத்து, இம்பிரிகேட்டா என்று அறிவியல் பெயர் வைத்துவிட்டார்கள். சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாக வளராது. சேறு கலந்த மணல் தரையில் புதைந்து கிடக்கும், கழிமுகத்துக்குள்ளும் வரும். ஆகவே அலை மோதும் இடத்தில் நின்று கையை வலிக்க வைக்காமல், சென்னையை அடுத்த கோவளம் முகத்துவாரத்தைப் பாருங்கள். ஆனால் கோடையில் மணல் மேடிட்டு வாய் அடைத்துக்கொண்டால் போய்ப் பயனில்லை. பழவேற்காட்டில் மீனவர்களுக்குப் பாடு முறை உண்டு. அவர்கள் முறை வைத்து வலை விடும் இடத்தில் நாம் தூண்டில் போடக் கூடாது. இதை மீறியவர் யார் என்று அவருக்கே தெரியும். தூரம் போகத் தயார் என்றால் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகம் இருக்கிறது. இறால் துண்டு, தரையில் நிற்கும் ஈயக்குண்டு, கொஞ்சம் பொறுமை போதும்.

தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள். வால் முள் குத்தினால் தாங்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெந்நீர் ஃபிளாஸ்க் செயலாளர் கைக்காசில் வாங்கியது. உழுவை, அதாவது சுறா போல் நீண்ட உடல் கொண்ட திருக்கை உறவு மீன், மாட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். அதில் ஓர் இனம் 2001 முதலே வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. திருக்கையும் கொத்தாக முட்டையிடும் மீன் அல்ல, சில குட்டிகளையே ஈனும். சின்னதை விட்டுவிடுங்கள்.

குறிப்பேட்டில் எழுதியவர்கள் கைவிரல் எண்ணிக்கைதான். படித்தவர்களோ ஏராளம், அதில் பாதிப்பேர் சந்தா கட்டாதவர்கள். ஆண்டு விழாவுக்கு வராமல் மறுநாள் காலை அதே இடத்தில் தூண்டிலோடு நின்றவர்களும் உண்டு.

வரவு செலவு ஏறக்குறையச் சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம். அவருக்கும் தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் இந்தப் பொறுப்பில் இருப்பேனா என்பது பொதுக்குழுவின் விருப்பம். குறிப்பேட்டின் நகல் இனி சந்தா ரசீது காட்டுபவர்களுக்கு மட்டுமே. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார்.